குளத்தோரக் காட்டை மீட்டல்: வன்னியில் புதிதாகச் சேரும் தொண்டர்களுக்கு ஒரு வழிகாட்டி

வன்னியில் ஒரு குளத்தைத் துப்புரவாக்க ஐம்பது பேரைச் சேர்ப்பது அரிய காரியமன்று. கோயில் ஒலிபெருக்கியில் ஒரு தடவை அறிவித்தால், மண்வெட்டியோடும் கத்தியோடும் ஊர் இளைஞர்கள் வந்துவிடுவார்கள். தேநீரும் மதியச் சாப்பாடும் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து வந்து சேரும். பொழுது சாய்வதற்குள் கரையில் களை மலைபோல் குவிந்துவிடும். அதே கரைக்கு அடுத்த மாதமும், அடுத்த மாரியிலும், அதற்கு அடுத்த ஆண்டிலும் ஐந்து பேர் திரும்பி வருவதுதான் அரிது. அந்த ஐந்து பேரில் ஒருவராக இருக்க விரும்புகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் குழுவின் முதற் சிரமதானம் ஒரு புரட்டாதி மாதத்தில், நெடுங்கேணிப் பக்கத்துச் சிறு குளமொன்றில் நடந்தது. ஆகாயத்தாமரையை நாள் முழுவதும் இழுத்துக் குளக்கட்டின் உட்சரிவில் குவித்துவிட்டு, படமும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம். ஐப்பசி மழையில் நீர்மட்டம் ஏறியபோது அந்தக் குவியல் முழுவதும் மெல்ல மிதந்து குளத்துக்குள் போய்ச் சேர்ந்தது. தை மாதம் பார்த்தபோது நாங்கள் தொடங்கியதைவிடப் பச்சை கூடியிருந்தது. கீழே சொல்லப்படுவனவற்றில் பாதி அந்த ஒரு தவறிலிருந்து கற்றுக்கொண்டவை.

குளம் யாருடைய பொறுப்பில் உள்ளது

முதற் படி மண்வெட்டியை எடுப்பதன்று, விசாரிப்பது. 200 ஏக்கருக்கு, அதாவது 80 ஹெக்டேயருக்கு மேற்படாத வயலுக்கு நீர் வழங்கும் குளங்கள் சிறு குளங்களாகக் கொள்ளப்பட்டு, கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கின்றன. இவற்றுக்கு அருகிலுள்ள கமநல சேவை நிலையத்திலும் கமக்காரர் அமைப்பிடமும் ஒப்புதல் பெற வேண்டும். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரை போன்ற பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனப் பொறியியலாளரின் அனுமதி தேவை. நீரேந்து பகுதியில் எல்லைக்கல் நாட்டப்பட்ட காடு தொடங்குமிடத்தில் வனத் திணைக்களத்தின் அதிகாரமும், சரணாலயங்களில் வனசீவராசிகள் திணைக்களத்தின் அதிகாரமும் தொடங்குகின்றன. அவ்விடங்களில் களைதானே என்று எண்ணி ஒரு செடியை வெட்டினாலும் குற்றமாகிவிடக்கூடும். மன்னாரின் வங்காலைச் சரணாலயம் 2010 ஆம் ஆண்டிலிருந்து, ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கையின்கீழ் அமைந்த ஈரநிலம் என்பதால், அங்கு வேலை செய்ய விரும்புகிறவர்கள் தனிப்பட்ட முயற்சியாக எதையும் தொடங்காமல் திணைக்களத்தோடு சேர்ந்தே செய்ய வேண்டும்.

ஒப்புதல் கடிதத்தைவிடப் பயன்தருவது, குளத்தில் வலை வீசுகிற நன்னீர் மீனவரோடும் மாடு மேய்க்கிற ஒருவரோடும் அரை மணிநேரம் இருந்து பேசுவது. எந்தப் பக்கத்தில் முதலை ஏறிக் கிடக்கும், எந்த வழியால் யானை இறங்கும், எந்த மூலையில் மண் அமிழும் என்பவை கோப்புகளில் இருப்பதில்லை. மேய்ச்சலுக்கு வரும் மாட்டுக்காரரைக் கேளாமல் வேலி போட்டால், அந்த வேலி ஒரு வாரம் தாங்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மண்ணைக் கிண்டுவதற்கு முன்

வேறெந்த ஊரின் வழிகாட்டியிலும் அவசியப்படாத ஒரு பகுதி இது. போர் 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்து, கண்ணிவெடி அகற்றும் பணி பெரும் பரப்பில் நடந்து முடிந்திருந்தாலும், குளக்கட்டுகளும் காட்டோரங்களும் ஒருகாலத்தில் காவலரண்களாக இருந்தவை என்பதால், மண்ணைத் தோண்டும் எவரும் அந்த நிலத்தின் கதையை முதலில் கேட்டறிய வேண்டும். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும், இடம் துப்புரவாக்கப்பட்டுக் கையளிக்கப்பட்டதா என்று கேளுங்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையோ அடையாளக் கட்டைகளோ நிற்குமிடத்தை எவ்வளவு பழையதாகத் தெரிந்தாலும் தாண்டக் கூடாது. மாரி வெள்ளம் மண்ணை அரித்துப் புதைந்தவற்றை வெளியே கொண்டுவரக்கூடும் என்பதால், சென்ற ஆண்டு நடந்த பாதைதானே என்ற துணிவும் ஆகாது. துருப்பிடித்த உலோகம், பிளாஸ்டிக் மூடி, வயர் எது கண்ணில் பட்டாலும் தொடாமல் நின்று, மற்றவர்களையும் நிறுத்தி, வந்த காலடித் தடத்திலேயே திரும்பிப் பொலிசாருக்கு 119 இல் அறிவிக்க வேண்டும். இதே காரணத்துக்காக, பிடுங்கிய செடிகளைக் குவித்துத் தீவைக்கும் வழக்கத்தையும் எங்கள் குழு முற்றாகக் கைவிட்டிருக்கிறது. தீயின் அடியில் என்ன கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

எது களை, எது குடி

புதிதாக வருகிறவரின் கைக்குப் பச்சையெல்லாம் களையாகத் தெரியும். ஆகவே முதல் நாளில் எவரையும் வெட்டவிடாமல், மூத்த ஒருவரோடு கரையைச் சுற்றி நடக்கவிடுவதே நல்லது. நீருக்குள் தாமரையும் ஒல்லியும் கொட்டியும் இந்தக் குளங்களின் பழைய குடிகள். கொட்டிக்கிழங்கைக் கிண்டிச் சமைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன, தாமரை இலைமேல் நடந்து இரைதேடும் பறவைகளுக்கு அந்த இலைதான் நிலம். கரையில் நிற்கும் கோரையும் பன்னும் வண்டலைத் தடுத்து நிறுத்துகின்றன. பன்னைப் பாய் இழைக்க அறுப்பவர்களும் உண்டு. சம்பு நம் மண்ணுக்குரியதே ஆயினும், வயலிலிருந்து உரம் கரைந்து வரும் மூலைகளில் அது அளவு மீறிப் பெருகும். அப்போதும் வாய்க்கால் வாயையும், நீர் திறந்துவிடும் மதகாகிய துருசின் முன்பக்கத்தையும் திறந்துவிடும் அளவுக்கு அறுத்தாற் போதும். முழுவதையும் அழித்துவிட்டால் நீர்க்கோழிக்குக் கூடு கட்ட இடமிராது.

உங்கள் குளத்தோரத்தில் முன்பு எந்த மரங்கள் நின்றன என்று தெரியவில்லையெனில் ஊர்ப்பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். பனிச்சங்குளம், மருதோடை, இலுப்பைக்கடவை, பாலமோட்டை, விளாங்குளம், விடத்தல்தீவு என்று வன்னி தன் மரப்பட்டியலைத் தானே எழுதி வைத்திருக்கிறது. நாற்றுப்பண்ணையில் கிடைப்பதை வாங்கி நடுவதற்கு முன் இந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து; இலவசமாகக் கிடைத்தன என்பதற்காக ஒரு குளத்தோரம் முழுவதும் இப்பில் இப்பில் என்னும் வெளிநாட்டு மரத்தை நட்டு, இன்று அதையே களையாகப் பிடுங்கிக்கொண்டிருக்கும் இடத்தை நான் அறிவேன்.

மன்னார்ப் பக்கத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. அழிக்க வேண்டிய சீமைக்கருவேலத்தோடு, காக்க வேண்டிய உடையும் விடத்தலும் கலந்து நிற்கும். மூன்றுக்கும் முள் உண்டு. உடையின் தலை குடைபோல் தட்டையாக விரிந்திருக்கும், அதன் பூ உருண்டையாக இருக்கும். விடத்தலின் பூங்கொத்து பாதி இளஞ்சிவப்பும் பாதி மஞ்சளுமாகத் தொங்கும், அதன் காய்கள் சுருண்டு கொத்தாக நிற்கும். சீமைக்கருவேலத்தின் பூ மஞ்சட்பச்சைக் கதிராகவும், காய் வெளிறிய மஞ்சளில் நீண்டும் இருக்கும். பூவும் காயும் இல்லாத காலத்தில் ஐயம் வந்தால், அந்த மரத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். பூக்கும்வரை காத்திருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

எந்த மூலையிலிருந்து தொடங்குவது

களை மிகுந்த இடத்திலிருந்து தொடங்கவே கை பரபரக்கும். அதற்கு எதிர்த்திசையே சரியானது. சிட்னி நகரில் 1960களில் ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்னும் சகோதரிகள் தம் வீட்டருகேயிருந்த காட்டில் கையாலேயே களையெடுத்துப் பழகி மூன்று விதிகளைக் கண்டார்கள்: காடு நன்றாக இருக்கும் பக்கத்திலிருந்து கெட்ட பக்கத்தை நோக்கி நகர வேண்டும், மண்ணை இயன்றவரை கலைக்கக் கூடாது, இயல்பான செடிகள் மீண்டு முளைக்கும் வேகத்துக்கு மேல் முன்னேறக் கூடாது. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் கண்டறியப்பட்டதாயினும் இது வன்னி மண்ணுக்கும் பொருந்துகிறது. ஏனெனில் வெறுமையாக விடப்பட்ட ஈரமண்ணை முதலில் பிடிப்பது எப்போதும் களையே. நாலு வீரையும் இரண்டு பாலையும் நிற்கிற ஒரு மூலையைத் தேர்ந்து, அதைச் சுற்றி இருபது அடி அகலத்துக்கு மட்டும் களையெடுத்தால், நிற்கிற மரங்களின் விதையும் பறவை எச்சமும் பாதி வேலையைச் செய்துவிடும். ஐந்து பேர் மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கக்கூடிய அளவு எதுவோ அதுவே அவ்வாண்டின் எல்லை. அதற்கு மேல் ஒரு செடியும் பிடுங்க வேண்டாம்.

ஒவ்வொரு களைக்கும் ஒவ்வொரு வழி

ஆகாயத்தாமரையை ஒழிக்க இலங்கையில் 1909 ஆம் ஆண்டிலேயே தனியொரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது நம்மோடு இருப்பதற்குக் காரணம் அதன் இரட்டைப் பெருக்கம். ஒரு செடி பக்கத்தண்டு விட்டு, வெயிலும் உரமும் வாய்த்தால் இரு வாரங்களுக்குள் இரட்டிக்கும். அதன் விதையோ சேற்றுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆகவே ஒரு தடவை இழுத்தெடுப்பதால் எதுவும் முடிவதில்லை. காற்றைத் துணைக்கு அழையுங்கள். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மிதக்கும் களை முழுவதும் வடக்கு, வடகிழக்குக் கரையை நோக்கி ஒதுங்கும். அப்போது அந்தக் கரையில் நின்று இழுப்பவருக்குப் பாதி உழைப்பு மிச்சம். நீர் வற்றிய ஆவணி, புரட்டாதி அடுத்த வாய்ப்பு. எடுத்த பகுதிக்குள் மீதிச் செடிகள் மிதந்து வராதபடி, மூங்கில்களைக் கயிற்றில் கோத்து நீர்மேல் தடையாக விட வேண்டும். பிடுங்கியதைக் குளத்தின் உட்பக்கத்தில் ஒருபோதும் போடக் கூடாது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, வெள்ளம் ஏறாத மேட்டில் பரப்பிக் காயவிட வேண்டும். அதன் எடையில் பெரும்பகுதி நீர் என்பதால் காய்ந்தபின் குவியல் வியக்கும்படி சிறுத்துவிடும். பின்னர் மாட்டெருவோடும் வைக்கோலோடும் அடுக்கிக் கூட்டெரு ஆக்கலாம். நகரக் கழிவுநீர் கலக்கும் குளமாயின் அந்த எருவை உணவுப் பயிருக்கு இடாதீர்கள். ஆகாயத்தாமரை நீரிலுள்ள பார உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும்.

சல்வீனியா என்னும் மிதக்கும் நீர்க்களை 1939 ஆம் ஆண்டில் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பாடத்துக்காகக் கொண்டுவரப்பட்டுத் தப்பிப்போனது. அதற்கு வளமான விதை கிடையாது. ஒடிந்த துண்டே புதுச் செடியாகும். ஆகவே இதைக் குத்தி இழுக்காமல், நெருக்கக் கண்ணி வலையால் அரித்தெடுங்கள், வேலை முடிந்ததும் வலையையும் சப்பாத்தையும் அந்தக் கரையிலேயே கழுவி உலர்த்துங்கள். ஒரு குளத்தின் துண்டு இன்னொரு குளத்துக்குப் போவது பெரும்பாலும் நம் காலோடும் வலையோடுமே. 1980களில் இதை உண்ணும் சிறு கூன்வண்டு நாட்டுக்குள் விடப்பட்டு நல்ல பலன் தந்தது. சல்வீனியா விரிப்பு தானே பழுப்பேறிக் கருகி நிற்பதைக் கண்டால் அந்தப் பகுதியை வண்டுக்கு விட்டுவிடுவது அறிவு.

பார்த்தீனியம் வவுனியாவில் 1999 ஆம் ஆண்டில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. இந்திய அமைதிப்படை கொண்டுவந்த ஆடுகளோடு வந்ததென்று ஊரில் ஒரு கதை உண்டு. கரட் இலைபோல் பிளந்த இலையும் சிறு வெள்ளைப் பூவுமாக வீதியோரத்திலும் குளக்கட்டிலும் நிற்கும் இச்செடி ஆயிரக்கணக்கில் விதை சொரியும். எனவே மழைக்குப்பின் மண் இளகியிருக்கும்போது, பூப்பதற்கு முன், வேரோடு பிடுங்க வேண்டும். பூத்துவிட்டால் முதலில் தலையை உரப்பைக்குள் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு பிடுங்க வேண்டும். நீண்ட கைச்சட்டையும் கையுறையும் முகக்கவசமும் இன்றி எவரும் இதைத் தொடக் கூடாது. தோலழற்சியும் மூச்சிழுப்பும் உண்டாக்கும் செடி இது. ஆஸ்துமா உள்ளவர்களை இந்த வேலைக்கு அனுப்பவே வேண்டாம்.

நாயுண்ணியைத் தரைமட்டத்தில் வெட்டினால் இரட்டிப்பாகத் தழைக்கும். மண்வெட்டியால் மண்ணுக்குள் சில அங்குலம் இறங்கி மூலவேரை அறுத்து, செடியைத் தலைகீழாக நிறுத்தி வேரை வெயிலில் காயவிட வேண்டும். சீமைக்கருவேலத்துக்கு அலவாங்கு (கடப்பாரை) தேவைப்படும். தண்டு வேராகும் முடிச்சுக்குக் கீழே ஏறத்தாழ ஓரடி ஆழத்தில் அறுத்தாலன்றி அது மீண்டும் துளிர்க்கும். அதன் காயை மாடு தின்று சாணத்தோடு எங்கும் விதைப்பதால், காய்க்கும் முன்பே வேலையை முடிக்கப் பாருங்கள். நீர்நிலையின் ஓரத்தில் களைநாசினி தெளிக்கும் எண்ணத்தை, யார் இலவசமாகத் தந்தாலும், ஏற்க வேண்டாம்.

உடம்பைக் காத்தல்

இறப்பர் சப்பாத்து அணியாதவரைக் கரையில் இறக்காதீர்கள். காய்ந்த குவியலுக்குள் புடையன் சுருண்டு கிடக்கும். கையை விடுமுன் தடியால் தட்டிப் பார்க்க வேண்டும். பாம்பு தீண்டினால் கீறுதலும் இறுக்கிக் கட்டுதலும் ஆகா. கடிபட்ட அவயவத்தை அசையாமல் வைத்து, 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். முதலை உள்ள குளத்தில் இடுப்பளவு நீரில் இறங்குவது வீரமன்று. சேற்றில் வேலை செய்த பின் காய்ச்சலும் தசைநோவும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும். குளத்தில் இறங்கியதை வைத்தியரிடம் மறவாமல் சொல்லுங்கள். மாரிக்கு முன்பே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சென்று தடுப்பு மருந்து பற்றிக் கேட்பது இன்னும் நல்லது.

நடுதல்

குளக்கட்டின்மேல் மரம் நட வேண்டாம். வேர் இறங்கிப் பின்னொரு நாள் மரம் பட்டுப்போனால், அந்த வேர் இருந்த துளை வழியே நீர் கசிந்து குளக்கட்டையே உடைக்கும். கட்டுக்குப் புல்லே போர்வை. மரத்துக்குரிய இடம் அலைகரைக்கு, அதாவது கட்டுக்கு எதிரே குளத்து நீர் வந்து தொடும் ஓரத்துக்கு, மேலுள்ள நீரேந்துப் பக்கம். அங்கு முன்பு ஒரு மரவரிசை நின்று காற்றைத் தணித்து நீர் ஆவியாவதைக் குறைத்தது, அதன் ஓரத்துப் புற்றரை வண்டலை வடிகட்டியது. சில வாரம் வெள்ளத்தில் நிற்கக்கூடிய மருது, வம்மி, பனிச்சை ஆகியவற்றை அலைகரையை ஒட்டியும், இலுப்பை, நாவல், புங்கு ஆகியவற்றை அதற்கு மேலும், பாலை, வீரை, முதிரை ஆகியவற்றை வெள்ளம் தொடாத மேட்டிலும் வைக்க வேண்டும்.

விதையை அயலிலுள்ள மரங்களிலிருந்தே, ஒன்றிலிருந்து அல்லாமல் பல மரங்களிலிருந்து சேர்த்து எடுங்கள். நாவலும் இலுப்பையும் சேமித்து வைக்கக்கூடிய விதைகளல்ல. பழம் விழுந்த சில நாட்களுக்குள் பொலித்தீன் பைக்குள் போட்டுவிட வேண்டும். பாலை மிக மெதுவாக வளரும் மரமாதலால் அதை நடுகிறவருக்குப் பொறுமை வேண்டும். பாலைப்பழம் தின்று வளர்ந்த எவருக்கும் அதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. நாற்றுகளை ஐப்பசியில் இரண்டு மூன்று நல்ல மழை பெய்து மண் ஆழமாக நனைந்தபின் நட்டு, கார்த்திகை முற்பகுதிக்குள் முடித்துவிட்டால், பங்குனி வெயிலுக்கு முன் வேர் இறங்க நான்கு மாதம் கிடைக்கும். உலக சுற்றாடல் தினம் யூன் 5 ஆம் திகதி வருகிறது என்பதற்காக அன்று வன்னியில் மரம் நடுவது, பெரும்பாலும் அந்தக் கன்றைக் கொல்வதுதான். விழாவுக்கு ஆட்சேபம் இல்லை. அன்றைக்கு நாற்றுப்பைக்கு மண் நிரப்பலாம்.

காவல்

நட்ட கன்றுகளுள் பெரும்பாலானவற்றை முடிப்பது வெயிலன்று, கட்டாக்காலி மாடுகளே. முட்கம்பிக்குப் பணம் தேடி அலைவதைவிட, வெட்டிய சீமைக்கருவேலத்தின் முட்கிளைகளைக் காயில்லாமல் பார்த்து எடுத்து, கன்றைச் சுற்றி அலம்பல் வேலியாக அடைப்பது மலிவும் உறுதியும் ஆகும். முதற் கோடையில் வாரம் ஒரு வாளி நீரும், தண்டைத் தொடாதபடி சற்று விலக்கி இட்ட சருகும் போதும். சருகு தண்டோடு ஒட்டினால் கறையான் ஏறிவிடும்.

ஒரு பயிற்சிக் கொப்பியை வாங்கி, எந்த நாளில் எந்த மூலையில் என்ன பிடுங்கினீர்கள், எத்தனை கன்று தப்பிற்று, எது தானாக முளைத்தது என்பவற்றை எழுதி வையுங்கள். தொலைபேசியில் எடுக்கும் படங்களையும் எப்போதும் ஒரே கட்டையடியில் நின்று ஒரே திசையை நோக்கி எடுங்கள். மூன்றாவது மாரியில், அந்த இருபது அடிக்குள் பிடுங்குவதற்குக் கிடைக்கும் களை ஒரு உரப்பைக்கும் காணாது என்ற நிலை வந்ததும், மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்குத் தலையெடுத்துவிட்ட மருதங்கன்றுகளைச் சுற்றிய அலம்பலை அவிழ்த்து, அதையே தோளில் சுமந்துபோய் அடுத்த இருபது அடிக்கு அடையுங்கள்.